கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்

சென்ற மாரியில், புரோசார்ட்டிலுள்ள எமது வீட்டுக்கு முதிய தாயொருவர் வந்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் உள்ளங்கையளவு புகைப்படமொன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபின், கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடக்கையில் உப்புநீரில் நனைந்த படம் அது. காணாமற்போன மகனின் நினைவாக அவரிடம் எஞ்சியிருப்பது அதுவொன்றே. நீர்க்கறை ஒரு கண்ணைத் தின்றிருந்தது.

“மாஸ்ரர், பிள்ளையின்ரை முகத்தை முழுசாக்கித் தாங்கோ” என்றார்.

கரும்பலகையோடு காலங்கழித்த நாம் கணினியிற் படந்திருத்தக் கற்றது அண்மையிலேயே. இத்தகைய படங்களைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் வாசகர்களுக்கு உதவுமென எண்ணி, கற்றதை இங்கு தருகின்றோம்.

படங்களை ஒட்டிச்சேர்ப்பது கணினியோடு வந்த வித்தையன்று. ஆற்றுக்கு அப்பால், மொன்றியலில் 1856 இல் படப்பிடிப்பகம் திறந்தவர் வில்லியம் நொட்மன். 1870 இல் விக்டோரியா பனிச்சறுக்குக் கூடத்தில் நடந்த களியாட்டத்தைப் படமாக்க அவர் விரும்பினார். அசையும் கூட்டத்தை அக்காலக் கருவியாற் பிடிக்க இயலாது. ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியே படமெடுத்து, கத்தரித்து, தீட்டிய பின்னணியில் ஒட்டுவித்தார். நொட்மனின் படங்களை மொன்றியலின் மக்கோர்ட் ஸ்டுவர்ட் அருங்காட்சியகம் பேணிவருகின்றது.

ஆயின், கத்தரித்ததும் ஒட்டியதும் மீளா. கணினியின் நன்மை இவ்விடத்திலேதான். நோல் சகோதரர்கள் ஆக்கிய போட்டோஷொப் 1990 இல் வெளிவந்தது. 1994 இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு ‘அடுக்கு’ முறையைக் கொணர்ந்தது. கிம்ப் என்னும் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. அது இலவசமாகவே கிடைக்கின்றது.

அடுக்கு என்பது படத்தின்மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்றது. தாளில் எதை வரையினும் கீழுள்ள மூலப்படம் கெடாது. மாஸ்க் எனப்படும் மறைப்பு, அத்தாளின் எப்பகுதி தெரியவேண்டுமெனக் கட்டளையிடுவது. மறைப்பில் வெள்ளை பூசிய இடம் தெரியும். கறுப்பு பூசிய இடம் மறையும். சாம்பல் பூசிய இடம் பாதி தெரியும். அழிப்பான் அழித்தது போயிற்று. மறைத்ததோ வெள்ளை பூசினால் திரும்பிவரும். பூசுவதற்குரிய தூரிகையின் ஓரம் மென்மையாக இருத்தல் நன்று. அதன் அடர்த்தியை இருபது, முப்பது வீதத்துக்குக் குறைத்துப் பலமுறை பூசினால், வெட்டிய தழும்பு தெரியாது.

முதலில் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகளில் வருடி எடுத்தோம். மூலத்தின்மேல் வெற்று அடுக்கொன்றை விரித்து, அதிற் கீறல்களை மூடினோம். முகத்தை மாத்திரம் வெளிச்சமாக்க இன்னோர் அடுக்கும் மறைப்பும் இட்டோம். இறுதியாக, நல்ல கண்ணைப் பிரதிசெய்து, இடம் வலமாகத் திருப்பி, கறையிருந்த இடத்தில் வேறோர் அடுக்கில் வைத்தோம். முகம் முழுமையாயிற்று. எமக்குப் பெருமையாகவும் இருந்தது.

அம்மா நெடுநேரம் பார்த்தார். “வடிவாய்த்தான் இருக்கு. ஆனா இது அவனில்லை, மாஸ்ரர். சின்னனிலை விழுந்து இந்தப்பக்க இமை கொஞ்சம் பதிஞ்சு போச்சு. நீங்கள் மற்றக் கண்ணையெல்லோ வைச்சிருக்கிறியள்” என்றார்.

அந்த அடுக்கின் மறைப்பைக் கறுப்பால் நிரப்பினோம். கறை மீண்டது, அதனோரத்தில் பதிந்த இமையின் ஒரு கீற்றும் மீண்டது. “இது காணும்” என்றார் அவர். அப்படியே அச்சிட்டுக் கொடுத்தோம்.

வாசகர்கள் கவனிக்கவேண்டியவை மூன்று. திருத்திய கோப்பை அடுக்குகளோடு சேமியுங்கள். ஜேபெக் வடிவில் மட்டும் சேமித்தால் அடுக்குகள் ஒன்றாகிவிடும். அகதி விண்ணப்பத்துக்கோ வழக்குக்கோ சான்றாகக் கொடுக்கும் படத்தைத் திருத்தவே கூடாது. முகத்தைத் திருத்துமுன், அம்முகத்தை அறிந்தவரை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். மூன்றாவதை நாம் பிந்தியே கற்றோம்.