தன்வரலாற்றில் பால்காட்டும் விகுதி: ‘வெள்ளை மொழி’யை முன்வைத்துச் சில குறிப்புகள்

திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல்கள் தமிழில் 2000ஆம் ஆண்டிற்குப் பின்னரே வெளிவரத் தொடங்கின. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் வெளிவந்தது. அ. ரேவதியின் தன்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் முதலில் ஆங்கிலத்தில் 2010இலும், மூலமாகிய தமிழில் ‘வெள்ளை மொழி’ என 2011இலும் அச்சேறியது. து. சரஸ்வதி அதனைக் கன்னடத்தில் ‘பதுகு பயலு’ என ஆக்கினார். இத்தகைய நூலைப் பெயர்ப்போரைப் பால்காட்டும் விகுதி எங்கெங்கே தடுத்து நிறுத்துகிறது என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழில் தன்மை ஒருமை வினைமுற்று பால் காட்டுவதில்லை. ‘வந்தேன்’ என்பது யாவர்க்கும் பொது. கன்னடத்து ‘பந்தெ’ என்பதும் அவ்வாறே. இந்தியிலோ ‘ஜாதா ஹூன்’, ‘ஜாதீ ஹூன்’ எனத் தன்னைப்பற்றிக் கூறும்போதே பால் வெளிப்பட்டுவிடும். ஆகவே ஆணாக வளர்க்கப்பட்டுப் பெண்ணாக வாழும் ஒருவர், தம் கதையைத் தமிழில் எவ்வித விகுதி மாற்றமுமின்றித் தொடக்கம் முதல் இறுதிவரை சொல்லிச் செல்ல இயலும். இவ்வசதி முழுமையானதன்று. ‘நான் அங்கே பிறந்தவள்’ என வினையாலணையும் பெயர் பயனிலையாக வருமிடத்து, தன்மையிலும் பால் தோன்றிவிடுகிறது.

கோலார் தங்கவயலில் மொழிபெயர்ப்பாளர் சிலருடன் இதனைச் சோதித்துப் பார்த்தேன். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பயின்றவர்கள் அவர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர்ப் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் சென்றுவரும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இளம்பருவத்தைச் சொல்லும் ஒரு தன்மைப் பகுதியைப் படர்க்கையாக மாற்றுமாறு வேண்டினேன். முதல் வினையிலேயே எழுதுகோல்கள் நின்றுவிட்டன. மூத்தவர் ஒருவர் ‘வந்தான்’ என்றார். இளையவர் ‘வந்தாள்’ என்றார். ‘வந்தாங்க’ என்றால் சிக்கலில்லையே என்றார் மற்றொருவர். பால் மறைவது உண்மையே. ஆனால் எந்தத் தாய் தன் சிறு பிள்ளையை ‘வந்தாங்க’ என்பாள்? குழந்தைக்கு ‘வந்துச்சு’ என்பது பேச்சுவழக்கில் இயல்பானது. எனினும் திருநங்கையரை இழிவுபடுத்துவோர் வழங்கும் சொல்லும் ‘அது’ என்பதேயாகலின், கொஞ்சும் சொல் இங்கே வசவாகிவிடும். அவ்வறையில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

இவ்விடத்துத் தொல்காப்பியக் கிளவியாக்கம் கருதத்தக்கது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணை ஈறுகளைக் கொண்டு முடியும் என்றும் கூறும் தொல்காப்பியர், ஆண்பால் ஈறு அதற்கு ஏலாது என விலக்குகிறார். ‘அது’ என்பாரை இவ்விதி உடன்படாது. ‘வந்தான்’ என்பாரையும் உடன்படாது.

எனவே ஆசிரியர் கூற்றில் இளம்பருவத்திற்கும் ‘-ஆள்’ ஈறே தக்கது என்பது என் கருத்து. வீட்டார் கூற்றில் அவ்வாறு திருத்தலாகாது. ‘வாடா’ என்று அழைத்த தந்தையை ‘வாடி’ என்று அழைக்கவைத்தால், அவ்வழைப்புத் தந்த வலி நூலினின்று நீங்கிவிடும். கன்னடத்தில் ‘பாரோ’, ‘பாரே’ என்னும் இணை இவ்வேறுபாட்டை அப்படியே தாங்குகிறது. ஆங்கிலத்தில் ஏவல்வினைக்கு இத்தகைய விகுதி இல்லை. ஆண்பிள்ளையை விளிக்கும் ஒரு சொல்லையேனும் அருகில் சேர்த்தாக வேண்டும்.