கூறைச் சிவப்பைக் காட்டும் கணினி எது?

சேலைக் கடைக்குச் செல்லும் நம் தாய்மார் கடையின் மின்விளக்கை நம்பி ஒருபோதும் சேலை எடுப்பதில்லை. விரித்துக் காட்டிய சேலையின் முந்தானையைக் கையில் ஏந்தி வாசற்படிக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் அதன் நிறத்தை ஒருமுறை பார்த்த பின்னரே விலை பேசத் தொடங்குவர். இவ்வளவு நுட்பமாக நிறம் பார்க்கத் தெரிந்த அதே குடும்பம், பிள்ளை படம் திருத்துவதற்கென்று மடிக்கணினி வாங்கப் போகும்போது, அதன் திரையில் நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதேயில்லை. மூடியில் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டுகளையும், விற்பனையாளர் மனனஞ் செய்து ஒப்புவிக்கும் எண்களையும் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. இது விந்தையன்றோ?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் குடும்பங்களுக்கு இவ்விஷயம் வெறும் பொழுதுபோக்கன்று. கோணேசர் மலையும், பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்களும், டச்சுக்குடாவின் காலைக் கதிரும், நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவின் பவளப்பாறைகளும் கமராவுக்கு ஓயாத விருந்து. வாடைக் காற்று ஓய்ந்து கடல் அமைதியடைந்ததும் திமிங்கிலம் காணவும் பவளம் காணவும் பயணிகள் வந்து சேர்வர். நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் திருமணங்களுக்குக் குறைவில்லை. இவற்றையெல்லாம் படம் பிடித்தும், பிடித்த படங்களைத் திருத்திக் கொடுத்தும் பிழைக்கும் இளைஞர் பலர் நம்மிடையே உளர். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியதை எவரும் மறந்திரார். அன்று தொட்டு இறக்குமதிக் கணினி ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் நெடுநாட் சேமிப்பாகிவிட்டது. பிழையான பொறியை வாங்கிவிட்டால் அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளக் கூடிய நிலை பெரும்பாலோர்க்கு இல்லை.

திரையே முதலில்

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். படம் திருத்தும் கணினியில் முதலிற் பார்க்க வேண்டியது திரை, அடுத்தது நினைவகம், மற்றவை யாவும் அதன் பின்னரே. கடைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

காரணம் மிக எளிது. படத்தைத் திருத்துபவர் தம் கண்ணால் பார்த்தே நிறத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். கண்முன் இருக்கும் திரை பொய் சொன்னால் திருத்தமும் பொய்த்துப் போகும். மலிவான திரை சிவப்பை முழுமையாகக் காட்ட வல்லதன்று. கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு அதில் பழைய செங்கல்லைப்போல் மங்கித் தெரியும். "சிவப்புப் போதவில்லை" என்றெண்ணித் திருத்துபவர் மேலும் ஏற்றுவார். படம் அச்சாகி அல்பமாகத் திரும்பி வரும்போது கூறை தீயாய் எரியும். மணமகளின் முகமோ காய்ச்சற்காரியின் முகம்போற் சிவந்து கிடக்கும். பழி அச்சகத்தின் தலையில் விழும். அச்சகத்தார் பாவம், கொடுத்ததை அச்சிட்டவர்கள்!

இக்குழப்பத்தைத் தவிர்ப்பதற்கென்றே 1996இல் ஹியூலெட் பக்கார்ட், மைக்ரோசொப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிற அளவை வகுத்தன. 1999இல் அது சர்வதேசத் தரமாயிற்று. கைபேசிகளும் இணையமும் பெரும்பாலான படஅச்சகங்களும் இன்று இந்த அளவைப் பொதுமொழியாகக் கொண்டே இயங்குகின்றன. ஆகவே, "இத்திரை எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் எத்தனை வீதத்தைக் காட்டும்?" என்பதே கடையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி. நூறு வீதமோ அதற்கு மிக அண்மையோ என்றால் நன்று.

சில விவரச் சீட்டுகளில் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற சொல்லே இராது, "45 வீதம் என்.ரி.எஸ்.சி." என்றிருக்கும். இது 1953இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கென வகுக்கப்பட்ட பழைய அளவு. அந்த 45 வீதத்தை எஸ்.ஆர்.ஜி.பி. கணக்கிற்கு மாற்றினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தேறும். நிறங்களில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டமாட்டாத திரையைப் படம் திருத்துவதற்கு வாங்குவது, காது மந்தமானவரைச் சுருதி கூட்ட அழைப்பதை ஒக்கும். "72 வீதம் என்.ரி.எஸ்.சி." என்றிருந்தால் அது எஸ்.ஆர்.ஜி.பி. முழுமைக்கு ஏறத்தாழ ஈடானது. இவ்விரண்டு எண்களையும் மாணவர்கள் குறித்துவைத்துக் கொள்வார்களாக.

திரையின் வகையும் முக்கியம். டி.என். என்னும் பழைய வகைத் திரையை நேரே பார்க்கும்போது ஒரு நிறமும், தலையைச் சற்றே தாழ்த்திப் பார்க்கும்போது வேறொரு நிறமும் தோன்றும். ஐ.பி.எஸ். வகையில் இத்தொல்லை மிகக் குறைவு. ஓலெட் திரைகள் கண்ணைக் கவரும் அழகுடையன. ஆனால் அவற்றின் நிறங்கள் இயல்புக்கு மிஞ்சி ஒளிர்வதுண்டு. எஸ்.ஆர்.ஜி.பி. நிலைக்கு அமைத்துக்கொள்ளும் வசதி இருந்தாலன்றி அவ்வழகுக்கு மயங்குதல் கூடாது. கடற்கரையை அண்டிய வீடுகளில் பகலொளி மிகுதியாகையால், 300 நிற்ஸ் அளவேனும் ஒளிர்வுள்ளதும், கண்ணாடிபோல் பளபளக்காததுமான திரை உகந்தது.

ஒரே பெயருடைய மாதிரியில், நல்ல திரை பூட்டிய கணினியும் மட்டமான திரை பூட்டிய கணினியும் விற்பனைக்கு வருவது இத்தொழிலின் வழக்கம். ஆதலால் விளம்பரத்தில் உள்ள பெயரை மட்டும் பாராது, அடிப்பாகத்தில் அச்சிட்டிருக்கும் முழு மாதிரி எண்ணையும் பார்த்துக் கேட்க வேண்டும்.

எண்கள் புரியாத பெற்றோர்க்கும் ஒரு வழி உண்டு. நன்கு அச்சான மூன்று படங்களையும், அவற்றின் மூலக் கோப்புகளை ஒரு பென்டிரைவிலும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒன்று கூறை உடுத்த மணமகளின் படமாக இருக்கட்டும். அதில் சிவப்பையும் முகத்தின் நிறத்தையும் பார்க்கலாம். இரண்டாவது, மாலை வேளையில் உட்துறைமுகத்தின் மேல் விரிந்த வானம். மட்டமான திரையில் அந்த வானம் படிப்படியாக மாறாமல், வரிவரியாகப் பட்டை பிரிந்து தெரியும். நல்ல திரை ஒவ்வோர் அடிப்படை நிறத்துக்கும் 256 படிகளைக் காட்டும். மலிவுத் திரையிற் சில 64 படிகளை மட்டுமே வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைப் பாவனை செய்வன. மூன்றாவது, வீட்டிலுள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று. தாத்தாவின் கறுத்த கோட்டில் மடிப்புகள் தெரிகின்றனவா, அன்றி ஒரே மைக்கறையாகக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். பென்டிரைவைச் செருக அனுமதியாத கடைக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குச் செல்வதே முறை.

ஒரு சுவையான செய்தியை இங்கே சொல்லலாம். 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தோமஸ் நோல் என்பவரிடம் இருந்த மக்கின்ரொஷ் கணினியின் திரை, கறுப்பையும் வெள்ளையையும் அன்றி இடைப்பட்ட சாம்பல் நிறத்தைக் காட்டவில்லை. அக்குறையைப் போக்க அவர் எழுதிய சிறு நிரலே, அவர் சகோதரர் ஜோனின் உதவியோடு வளர்ந்து, 1990இல் போட்டோஷொப் என்னும் பெயருடன் வெளிவந்தது. இன்று உலகெங்கும் படம் திருத்தப் பயன்படும் அம்மென்பொருள் பிறந்ததே ஒரு திரையின் குறையினால்தான்!

நினைவகமும் சேமிப்பும்

இனிக் கணக்குக்கு வருவோம். 24 மெகாபிக்சல் கமரா எடுத்த ஒரு படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள். நுட்பமான திருத்தத்துக்கு நிறமொன்றுக்கு 2 பைட். ஆக, படத்தைத் திறந்தவுடன் அது ஏறத்தாழ 144 மெகாபைட் இடத்தைப் பிடிக்கிறது. முகத்துக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, சேலைக்கு ஒன்று என எட்டு அடுக்குகள் சேர்த்தால் ஒரு படமே ஒரு ஜிகாபைட்டைக் கடந்துவிடும். 8 ஜிகாபைட் ரேம் உள்ள கணினியில் இயக்க முறைமையும் இணைய உலாவியும் பாதியை விழுங்கிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், 16 ஜிகாபைட் வேண்டும் என்பதன் நியாயம் விளங்கும். மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பலகையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட இயலாது. அப்பிள் மடிக்கணினிகள் யாவும் இவ்வகையின. அவற்றின் திரை நன்று என்பதை மறுப்பதற்கில்லை. விலைதான் நம் கைக்கு எட்டுவதில்லை.

திருமணம் ஒன்றில் 2,000 படங்கள் எடுப்பது இன்று சாதாரணம். மூலக் கோப்பு ஒன்றுக்கு 30 மெகாபைட் என்றால் ஒரு திருமணமே 60 ஜிகாபைட். 512 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் ஆறு திருமணங்களுக்கு மேல் இடமிராது. ஆகவே வெளியே இணைக்கும் சேமிப்பகம் ஒன்றின் விலையையும் முதலிலேயே கணக்கிற் சேர்த்துக்கொள்க.

மையச் செயலியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அண்மைய ஆண்டுகளில் வந்த நடுத்தரச் செயலி எதுவும் போதும். வீடியோவும் தொகுப்பவர்க்கும், இருளில் எடுத்த படங்களின் புள்ளி இரைச்சலைச் செயற்கை நுண்ணறிவால் அகற்றுபவர்க்கும் தனி வரைகலை அட்டை பெரும் உதவி. ஏனையோர் அதற்கெனப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. விளையாட்டுக்கென விற்கும் கணினிகளைப் படத்துக்கும் சிறந்தவையெனக் கூறித் தலையிற் கட்டுவதுண்டு. அவற்றிற் சிலவற்றில் திரை மட்டமானது என்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

பழைய கணினி வாங்கலாமா?

வாங்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவர் போன்றோர்க்கு அதுவே பெரும்பாலும் கைக்கெட்டும் வழி. ஆயினும் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவடைந்தமையால், விண்டோஸ் 11 ஏற்கும் பொறியையே பார்க்க வேண்டும். இன்ரெல் ஆயின் எட்டாம் தலைமுறை தொடக்கம் என்று பொதுவாகக் கொள்ளலாம். அலுவலகங்களில் இருந்து கழிக்கப்பட்டு வரும் கணினிகள் உறுதியானவை, ரேம் கூட்டவும் இடந்தருபவை. ஆனால் அவற்றுட் பலவற்றின் திரை மேலே கூறிய 45 வீதத் திரையே. அதற்கும் பரிகாரம் உண்டு. அத்தகைய கணினியை மலிவாக வாங்கி, மிஞ்சிய பணத்தில் நிறம் சரியாகக் காட்டும் தனித் திரையொன்றை வாங்கி வீட்டு மேசையில் இணைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே தொழில் செய்வோர்க்கு, நடுத்தரமான புதிய மடிக்கணினியைக் காட்டிலும் இச்சோடி மேலானது என்பது நம் முடிபு.

உத்தரவாதச் சீட்டைக் கூர்ந்து வாசியுங்கள். திருத்துமிடம் கொழும்பில் மட்டும் என்றிருந்தால், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போய்வர வேண்டும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோகத்தை மெல்லத் தின்பவை. ஆதலால் கடலை நோக்கிய யன்னலருகில் கணினியைத் திறந்தபடி விட்டுவைத்தல் தகாது.

மென்பொருளுக்கும் பணம் வேண்டுமே என்று கவலையுறும் மாணவர்க்கு ஒரு நற்செய்தி. போட்டோஷொப்புக்கு மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும் என்பது மெய்யே. ஆனால் 1995இல் கலிபோர்னியாவின் பேர்க்லி மாணவர் இருவர் எழுதத் தொடங்கிய கிம்ப் என்னும் மென்பொருள் இலவசமானது. அதன் மூன்றாம் பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. மூலக் கோப்புகளைப் பதப்படுத்த டார்க்டேபிள் உண்டு, அதுவும் இலவசம். திருட்டுப் பிரதிகளோடு நச்சுநிரல்களும் வந்து, உள்ள படங்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணங்கேட்கும் காலம் இது.

புறாத்தீவில் மூழ்கிப் படம் எடுப்போர் திரையின் அருமையை நன்கறிவர். கடல்நீர் முதலில் உறிஞ்சிக்கொள்வது சிவப்பையே. பத்து மீற்றர் ஆழத்துக்குள் அது பெரிதும் மறைந்துவிடும். மேலே வந்து கணினியில் அமர்ந்துதான் பவளத்துக்கு அதன் சிவப்பை மீட்டுக் கொடுக்க வேண்டும். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கோணேசர் மலையடியில் மூழ்கி, கடலுட் கிடந்த பழைய கோயிலின் கற்றூண்களைப் படம் பிடித்தபோது, படச்சுருள் தந்ததே வரவு. இவ்வாறு மீட்கும் வசதி அவர்க்கு இருந்ததில்லை.

நம் ஊரில் திருத்தத்துக்கு வரும் படங்களுள் மிகவும் கவனம் வேண்டுவன கடலடிப் படங்களுமல்ல, திருமணப் படங்களுமல்ல. பழைய குடும்பப் படங்கள். போர்க்கால இடப்பெயர்வுகளில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் பல. எஞ்சியவற்றுட் பலவற்றை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று. உறவினர் வீட்டிலிருந்தோ, வெளிநாட்டிலிருந்தோ கிடைத்த ஒரேயொரு படத்தைக் கொண்டுவந்து, "அம்மாவின் முகம் தெரிகிறமாதிரிச் செய்து தாருங்கள்" என்று கேட்போர் இன்னும் உளர். கறை எது, கன்னத்து மச்சம் எது என்று பிரித்தறியத் திரை வேண்டும்; மட்டமான திரையில் இரண்டும் ஒன்றே. மச்சத்தை அழித்துவிட்டால் வேறொருத்தியின் முகத்தைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம்.

அத்தகைய படத்தை 600 டி.பி.ஐ. அளவிலேனும் வருடி, வருடிய மூலத்தைத் தொடாது தனியே வைத்து, பிரதியிலேயே திருத்துக. மூலத்தின் மேலும் ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். படத்தின் பின்புறத்தையும் மறவாது வருடுக. பெயரும் திகதியும் ஸ்ரூடியோவின் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.