சக்கர இல்லமும் முகாம் திடலும்

வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் புறப்படுவது நம் நாட்டு வழக்கம். வீட்டையே உடன் இழுத்துக்கொண்டு புறப்படுவது அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல லட்சம் குடும்பங்களின் வழக்கமாக இருந்து வருகிறது. உறங்கும் கட்டில், சமையல் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை ஆகிய அனைத்தும் அமைந்த இவ்வாகனத்தை அங்கு 'ஆர்.வி.' என அழைப்பர். தானே ஓடுவது ஒரு வகை. காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படுவது மற்றொரு வகை. 'கேரவன்' என்ற பெயரில், படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாகவே நம்மில் பலருக்கு இது அறிமுகமாகியுள்ளது.

வண்டியைப் பற்றி வியந்து எழுதுவோர் உண்டு. ஆனால் வண்டி வந்து நிற்கும் நிலத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. உண்மையில் இப்பயணமுறையின் வெற்றி தோல்வி அந்த நிலத்தின் அமைப்பையே சார்ந்தது. இதனை அமெரிக்கர்கள் பட்டறிவினாலேயே கற்றுக்கொண்டனர்.

எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவினுள் 1915ஆம் ஆண்டில் மோட்டார் கார்கள் அனுமதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் தேசியப் பூங்காப் பணித்துறை நிறுவப்பட்டது. காரின் விலை குறையக் குறைய, கூடாரமும் சட்டிபானையுமாகக் குடும்பங்கள் காடுகளை நோக்கிப் பெருகி வந்தன. அன்று முகாமிடுவதற்கு வரையறை ஏதும் இல்லை. மர நிழலும் ஓடைக்கரையும் கண்ட இடத்தில் காரை ஓட்டிச்சென்று நிறுத்தினர். புல்லும் புதரும் அழிந்து புழுதி பறக்கத் தொடங்கியதும், அடுத்த பசும்பரப்பைத் தேடி நகர்ந்தனர். காட்டை நேசித்து வந்தவர்களே காட்டின் அழிவுக்குக் காரணமாயினர்.

இதன் காரணத்தை ஆராய்ந்து கூறியவர் இ. பி. மைனெக்கே என்னும் மரநோய் வல்லுநர். கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளை 1920களில் ஆராய்ந்த அவர், பூச்சியோ பூஞ்சையோ மட்டும் மரங்களுக்குப் பகையல்ல என்பதைக் கண்டார். மனிதக் காலடிகளும் வண்டிச் சக்கரங்களும் மண்ணை இறுக்கிவிடுகின்றன. இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்குவதில்லை. வானளாவ நிற்கும் செம்மரத்திற்கு ஆணிவேர் கிடையாது. உணவு உறிஞ்சும் அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பவை. ஆதலின் கோடரியே படாமல் மரம் மெல்ல நலிவுறுகிறது. பாதிப்பு வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் அதனைப் பொருட்படுத்துவாரும் இல்லை.

மைனெக்கே 1932ஆம் ஆண்டில் முகாம் திடல்களுக்கான கொள்கை ஒன்றை வகுத்தளித்தார். மக்களைத் தடுப்பது அவர் நோக்கமன்று; வண்டியைத் தடுப்பதே நோக்கம். திடலுக்குள் ஒருவழிப் பாதை ஒன்று வளையமாகச் சென்று திரும்பும். அப்பாதையிலிருந்து ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு சிறு கிளைப்பாதை பிரியும். கார் அதனுள் நுழைந்து நிற்குமேயன்றி, அதற்கப்பால் செல்ல இயலாதவாறு பாறைகளும் பருத்த மரத்துண்டுகளும் இடப்படும். மேசையும் அடுப்பும் இடம் பெயர்க்க இயலாதபடி நிலைநிறுத்தப்படும். மனைக்கும் மனைக்கும் இடையிலுள்ள புதர்கள் காக்கப்படும். புதர் தனிமையைத் தரும், மண்ணையும் காக்கும். தேய்மானம் தவிர்க்க முடியாததாயின், அதனை ஒரு சிறு வட்டத்திற்குள் அடக்குவது என்பதே இத்திட்டத்தின் அடிப்படை. காவலர்களை அமர்த்திச் சட்டத்தைக் கூறி மிரட்டுவதைவிட நான்கு பாறைகள் பயன் மிக்கவை என்பது நிர்வாகத் துறையினர் கருதிப் பார்க்கத் தக்கது.

பெருமந்தத்தின்போது வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு 1933 முதல் 1942 வரை இயங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படை, இம்முறையில் நாடெங்கும் திடல்களை அமைத்தது. பின்னர் இழுவண்டிகள் பெருத்து நீண்டபோது கிளைப்பாதைகளும் நீட்டப்பட்டன. பின்னோக்கி ஓட்டும் தொல்லையின்றி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் மனைகளும் தோன்றின.

இத்திடல்கள் எல்லார்க்கும் ஒருங்கே திறக்கப்படவில்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பின மக்களுக்கெனத் தனியே 'லூயிஸ் மவுண்டன்' திடல் 1939இல் திறக்கப்பட்டது. அரசு நிலத்தில் அரசுப் பணத்தில் இயங்கிய இடத்திலேயே இப்பிரிவினை நிலவியது. 1945இல் பிரிவினையைக் கைவிடுமாறு ஆணை பிறந்தும், அப்பூங்காவில் அது முழுமையாக நீங்க 1950 வரை ஆயிற்று.

இன்று அரசுத் திடல்களோடு தனியார் திடல்களும் பெருகியுள்ளன. சியாட்டில் உலகக் கண்காட்சிக்குச் செல்வோர் தங்குவதற்கு இடமின்றி அலைவதைக் கண்ட டேவ் டிரம் என்னும் வணிகர், மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் ஆற்றங்கரையில் இருந்த தம் நிலத்தை 1962இல் முகாம் திடலாக்கினார். கே.ஓ.ஏ. என்னும் பெரிய திடல் தொடருக்கு அதுவே தொடக்கம். பொதுவாகத் தனியார் திடலில் வசதி மிகுதி. அரசுத் திடலில் காடு மிகுதி.

ஒரு குடும்பம் திடலை அடைந்ததும் நிகழ்வன யாவை? முதலில் வண்டியைச் சமன்செய்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுப்பர். பின்னர் மனையிலுள்ள கம்பத்தில் மின்கம்பியை இணைப்பர். சிறு வண்டிக்கு 30 ஆம்பியர், பெரிய வண்டிக்கு 50 ஆம்பியர் இணைப்பு வழக்கம். அடுத்தது குடிநீர்க் குழாய். அடுப்பு புரோப்பேன் வாயுவால் எரியும். மின் இணைப்பு இல்லாத மனையில் ஜெனரேட்டரை இயக்க நேரும்; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ அற்றது; உறங்குவோரின் உயிரைக் கவர்வது. அதனாலேயே வண்டிக்குள் எச்சரிக்கைக் கருவி வைக்கப்படுகிறது.

யாவற்றிலும் கவனத்திற்குரியது கழிவு அகற்றும் முறை. வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் உள்ளன: நன்னீருக்கு ஒன்று; குளியல், பாத்திரம் கழுவும் நீருக்கு ஒன்று; மலக்கழிவுக்கு ஒன்று. மலத்தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் நீர் வடிந்துவிட, திடக்கழிவு அடியில் இறுகிவிடும். எனவே தொட்டி பெரும்பாலும் நிறையும்வரை மூடிவைத்து, பின்னர் கழிவு வெளியேற்றும் நிலையத்தில் முதலில் மலத்தொட்டியையும், அடுத்து குளியல்நீர்த் தொட்டியையும் திறப்பர். பின்னது குழாயைக் கழுவிவிடும். அங்கே குழாய் கழுவுவதற்கென உள்ள நீரைக் குடிநீர்த் தொட்டியில் நிரப்பலாகாது. வாடையடக்கச் சிலர் இடும் ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்துகள், திடலின் செப்டிக் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகின்றன. ஒரு குடும்பத்தின் வசதி ஊராரின் நிலத்தடி நீருக்குக் கேடாகும் இடம் இதுவே.

விறகிலும் இத்தகைய ஆபத்து உண்டு. ஆஷ் மரங்களைத் துளைத்து அழிக்கும் ஆசிய வண்டு ஒன்று 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அது தொலைவிடங்களுக்குப் பரவியதற்கு முகாமிடுவோர் ஏற்றிச்சென்ற விறகும் ஒரு காரணமாயிற்று. விறகைத் தங்கும் இடத்திலேயே வாங்கி அங்கேயே எரிக்கவேண்டும் என இப்போது வலியுறுத்தப்படுகிறது.

பராமரிப்புச் செலவு மற்றொரு சிக்கல். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டரசு நிலங்களில் வசூலாகும் பொழுதுபோக்குக் கட்டணத்தில் பொதுவாக 80 சதவீதம் வசூலித்த இடத்திற்கே செலவிடப்படுகிறது. எனினும் பழைய குழாய்களும் சாலைகளும் பழுதுற்று நின்றமையால், 2020இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றன் மூலம் பூங்காக்கள் முதலிய பொது நிலங்களின் தேங்கிய பணிகளுக்கு 5 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 190 கோடி டாலர் வரை ஒதுக்க வழிசெய்யப்பட்டது.

இவ்வாழ்க்கை விடுமுறை இன்பமாக மட்டும் இருப்பதில்லை. வாடகை கட்ட இயலாது வண்டியையே நிலையான இல்லமாகக் கொண்ட முதியோர் பலர், பருவந்தோறும் திடல்களில் கூலிவேலை செய்து இடம் பெயர்கின்றனர். பல தேசிய வனங்களில் ஓரிடத்தில் 14 நாட்களுக்குமேல் தங்கலாகாது என்பது விதி. விடுமுறைக் குடும்பத்திற்கு இவ்வரம்பு ஒரு பொருட்டன்று. வீடற்றவருக்கோ அது நாள் எண்ணும் வாழ்க்கை.

இந்தியாவில் இம்முயற்சி இளம்பருவத்தில் உள்ளது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022இல் இடுக்கி மாவட்டத்தின் வாகமண் மலைப்பகுதியில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. ஒரு நாளைக்குப் பல வண்டிகள் வந்து தங்கும் மலைச்சரிவில் விடுதி கட்டவேண்டியதில்லை, மரம் வெட்டவேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு எனக் கூறப்படுகிறது. அது பெருமளவு உண்மையே. ஆயின் ஊற்றுநீரை நம்பி வாழும் மலைக்கிராமத்தின் மேட்டுப்புறத்தில் திடல் அமையுமானால், கழிவு எந்தத் தொட்டிக்குச் செல்லும், அத்தொட்டியை யார், எத்தனை நாளுக்கொருமுறை காலிசெய்வர் என்பன, வண்டிக்கு உரிமம் வழங்குமுன் எழுத்தில் தீர்க்கப்படவேண்டிய வினாக்கள். உள்ளாட்சி மன்றத்தின் இசைவு இதில் வெறும் சடங்காக இருத்தல் கூடாது. மழைக்காலம் முடிந்தபின் அவ்வூற்றின் நீரைப் பரிசோதிக்கும் பொறுப்பும் பெயர் குறித்து ஓர் அலுவலரிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும்.