கினோவா மாவு ஏன் கசக்கிறது?
மில்லில் கொட்டும் முன்பே விதையில் முடிவாகிவிடும் கதை

கினோவா மாவில் வார்த்த தோசை கசந்தால் பழி மில்காரர் தலையில்தான் விழுகிறது. வேறெதையோ அரைத்த மிஷினில் போட்டுவிட்டார் என்கிறோம். சிட்லபாக்கத்திலும் சேலையூரிலும் முடிச்சூரிலும் மாவு மில் நடத்துகிறவர்கள் கோதுமையையும் அரிசியையும் சத்துமாவையும் கண்ணை மூடிக்கொண்டு அரைப்பார்கள். கினோவா டப்பாவைத் திறந்தால் மட்டும் ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கழுவினீங்களாம்மா? நல்லா காஞ்சுதா?" என்று கேட்பார்கள். சரியான கேள்விகள்தான். மாவு எப்படி வரும் என்பதில் பெரும்பகுதி விதையின் நிலையில் இருக்கிறது. கல்லுக்கு மிச்ச வேலைதான்.

கினோவா புல்லினத் தானியம் அல்ல. நம் சக்கரவர்த்திக் கீரைக்கு நெருங்கிய உறவு; ஆண்டிஸ் மலைப் பயிர். 2013ஐ ஐ.நா. சபை கினோவா ஆண்டாக அறிவித்த பிறகு உலகம் முழுக்கப் பெயர் பரவியது. இந்தியாவில் ராஜஸ்தானிலும், ஆந்திரத்தின் வறண்ட அனந்தபுரம் பகுதியிலும் பயிரிட்டிருக்கிறார்கள். விதை சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோலில் சபோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பூந்திக்கொட்டையை நுரைக்க வைப்பதும் இதே வகைப் பொருள்தான்.

கழுவாமல் அரைத்தால் இந்தத் தோலும் தூளாகி மாவு முழுக்கக் கலந்துவிடும். பிறகு எவ்வளவு சலித்தாலும் கசப்பு போகாது. அரைக்கும்போது பறக்கும் தூசி மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். மில்காரர் தும்முவதற்குக் காரணம் அது. ஆலைகளில் விதையை உரசித் தோலை எடுப்பதுண்டு. அங்கும் விதையின் நிலைதான் பேசும். பெரிதும் சிறிதுமாகக் கலந்த சரக்கில் சிறு விதைகள் சரியாக உரசப்படாமல் கசப்போடு தப்பிவிடுகின்றன. அவற்றையும் விடக்கூடாதென்று ஆழமாக உரசினால் வேறு நஷ்டம். அரிசியில் முளைக்கரு ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் சின்னத் துணுக்கு. கினோவாவிலோ அது விதையைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. எடையில் கால்வாசிக்கும் மேல் அதுதான். புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றன. எதற்காக இதை விலை கொடுத்து வாங்கினோமோ, அது தவிட்டோடு போய்விடும்.

ஆகவே வீட்டில் கழுவுவது நல்லது. நுரை அடங்கும்வரை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கையால் தேய்த்துக் கழுவினால் போதும், ஊற வைக்கக்கூடாது. 'முன்பே கழுவியது' என்று அச்சிட்ட பாக்கெட்டாக இருந்தாலும் ஒரு தடவை தண்ணீரில் போட்டு நுரை வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. இந்தச் சின்ன விதை தண்ணீரை வெகு வேகமாக இழுத்துக்கொள்ளும். விடுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அரைக்கப் போகும் விதையில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஈரம் கூடினால் விதை நொறுங்காமல் நசுங்கும். உள்ளிருக்கும் கொழுப்பும் சேர்ந்து மாவு கல்லில் அப்பிக்கொள்ளும். கல் சூடேறும், மாவு கட்டி தட்டும். மே மாத மொட்டை மாடி வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. மீனம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் நவம்பர் காலைகளில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது வாடிக்கை. அந்தக் காற்றில் விரித்து வைத்தால் காய்ந்த தானியமே ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் மின்விசிறியை நம்புவதைவிட, துணியில் மெல்லப் பரப்பி உலர்த்தியபின் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துவிடுவது மேல். கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். சூட்டோடு டப்பாவில் மூடினால் உள்ளே வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீண்.

பெரிய மைதா ஆலைகளில் கோதுமைக்கு வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து, ஈரத்தை 15, 16 சதவீதத்துக்குக் கொண்டுவந்துதான் அரைக்கிறார்கள். தோல் பொடியாகாமல் பட்டையாகக் கழன்று வர அது வேண்டும். அதைக் கேள்விப்பட்டு யாரும் கினோவாவை ஈரமாக மில்லுக்கு எடுத்துப் போக வேண்டாம். நம் தெரு மில்லில் தோலைப் பிரிக்கும் வேலையே கிடையாது. எல்லாம் ஒன்றாகத்தான் விழும்.

ஈரத்தால் வரும் இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. கினோவா மிகச் சீக்கிரம் முளைக்கும். அறுவடை நேரத்தில் மழை பட்டாலோ, நாம் இரவெல்லாம் ஊறப்போட்டாலோ முளை தொடங்கி, நொதிகள் மாவுச்சத்தை வெட்ட ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட மாவில் கரைத்தது நீர்த்துப் போகும். தோசை திருப்பும்போது பிய்யும். முளைகட்டிய கேழ்வரகில் குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சி நெகிழ்வாக இருப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே தேவைப்படும் குணம் தோசைக்கல்லில் தொந்தரவு.

மூன்றாவது கொழுப்பு. கினோவாவில் அது சுமார் 6 சதவீதம், கோதுமையில் 2 சதவீதம் அளவுக்குத்தான். முழு விதைக்குள் பத்திரமாக இருக்கும் கொழுப்பு, அரைத்ததும் காற்றிலும் நொதிகளிலும் மாட்டிக்கொள்கிறது. கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடைந்த விதை அதிகமுள்ள பழைய சரக்கென்றால் அரைக்கும் முன்பே இந்தக் கெடுதல் தொடங்கியிருக்கும். பாக்கெட்டைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்தால் சிக்கு வாடை சொல்லிவிடும். வறுப்பது இந்த நொதிகளையும் ஓரளவு அடக்கும். எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் மாவை ஒரே தடவையில் அரைத்து வைப்பதில் லாபம் இல்லை, விதையாகவே இருக்கட்டும்.

குறைவாக அரைப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. மில் கல்லில் முந்தைய ஆளின் மாவு எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும். அரைக் கிலோ போட்டால் அந்தக் கலப்பு நன்றாகவே தெரியும். அரிசிக்குப் பின்னால் போடச் சொன்னால் பெரும்பாலோருக்கு அது போதும். கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத செலியாக் நோய்க்காகக் கினோவாவுக்கு மாறியவர்களுக்குப் போதாது. அவர்கள் மில்லை விட்டுவிட்டு, தனியாக வைத்த மிக்ஸி ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொள்வதே சரி.