ஏசுவின் கரம், இரண்டெழுத்து

'ஏசுவின் கரம் (2).' இதைப் படித்ததும் எவருக்கும் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். எனக்கு வீடே பாளையங்கோட்டையில். கோபுரத்துக்கும் மணியோசைக்கும் பஞ்சமில்லாத ஊர். ஆனால் இந்த வகைக் குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் வாக்கியம் கூப்பிடும் திசையில் போகக் கூடாது. சொற்களைத் தனித்தனியாகக் கழற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஏசு என்றால் திட்டு. எங்கள் பக்கத்தில் இன்றும் திட்டுவதை 'வைவது' என்றுதான் சொல்கிறோம். ஆக ஏசு என்பது 'வை'. கரம் என்பது 'கை'. இரண்டையும் சேர்த்தால் வைகை.

இப்படி ஒரு குறிப்பை எழுதக்கூடிய ஆள் என் தம்பிதான். வங்கி வேலையில் ஊர் ஊராக மாற்றலாகிப் போனவன், ஓய்வுக்குப் பிறகு பவானியிலேயே தங்கிவிட்டான். கணக்கு நோட்டில் கட்டம் வரைந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவான். நான் அதைத் தாளில் பெரிதாக வரைந்துகொண்டு பென்சிலோடு உட்காருவேன். மொபைலில் விரலால் தடவி நிரப்புவது எனக்கு ஆகாது. அச்சகத்தில் கம்போசிங் பார்த்தவள் நான். கேஸிலிருந்து ஈய எழுத்தைப் பொறுக்கி ஸ்டிக்கில் கோத்துப் பழகிய விரலுக்கு எழுத்து தட்டுப்பட வேண்டும்.

இந்த முறை கட்டத்துக்கு மேலே ஒரு அறிவிப்பும் இருந்தது: 'நட்சத்திரம் போட்ட ஆறு குறிப்புகளுக்கு நேர்ப்பொருள் கிடையாது. ஆறும் ஒரே குடும்பம். குடும்பப் பெயர் 9 மேலிருந்து கீழ்.'

வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்து எல்லோருக்கும் தெரியும். 'மன்னன் (4)' என்று இருந்தால் அரசன் என்று போடுவோம். கடினமாக்க வேண்டுமென்றால் 'கலைந்துள்ளார்', 'தலையில்லை' என்று சேர்ப்பார்கள். அல்லது வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று திசையை மாற்றுவார்கள். அதில் பொருள் தெரிந்தால் விடை தெரிந்துவிடும். தம்பி போடுவது வேறு வகை. ஒவ்வொரு குறிப்பும் பார்வைக்கு ஒரு சாதாரண வாக்கியம். உள்ளே இரண்டு பாகம் இருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருள், மற்றது அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. எது எங்கே முடிகிறது என்று சொல்ல மாட்டார்கள்.

'கைதி திரும்பினால் மலைத்து நில் (2).' கைதி என்ற சொல்லைத் திருப்பிப் படித்தால் திகை. மலைத்து நில் என்றாலும் திகை. முதலில் விழுந்தது இதுதான். 'குழம்பிய நகரம் பாவிகளுக்கு (4)' அடுத்தது. நகரத்தின் நான்கு எழுத்தையும் இடம் மாற்றினால் நரகம். (மெய்யெழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, அதனால்தான் 4.) 'மனத்தை அரிப்பது, தலை போனால் மீனவருக்கு உதவும் (3)' என்பதற்குக் கவலை. முதல் எழுத்தை எடுத்துவிட்டால் வலை. 'பாடம் குறுகிச் சுவரில் தொங்குகிறது (3)' என்பதற்குப் படம். நெடில் குறிலாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விளையாட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டம் அவர்களுடையது, மறுக்கவில்லை. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் போட்ட புதிரைத்தான் முதல் குறுக்கெழுத்து என்று சொல்கிறார்கள். அதைச் சொல் விளையாட்டாக முறுக்கியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். ஆனால் விளையாட்டின் சூத்திரங்களை நம் தண்டியலங்காரம் எப்போதோ பெயர் வைத்து அடுக்கிவிட்டது. பாடம் படமானது 'மாத்திரைச் சுருக்கம்'. குறில் நெடிலானால் 'மாத்திரை வருத்தனம்'. சில கேள்விகள் கேட்டு, அவற்றின் விடைகளை ஒட்டினால் வேறொரு சொல் வருவது 'வினாவுத்தரம்'. ஏசுவின் கரம் அசல் வினாவுத்தரம்தான். தொடரை வேறு இடத்தில் பிரித்து வேறு பொருள் காண்பது 'ஒற்றுப்பெயர்த்தல்'. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது 'மாலைமாற்று'. திருஞானசம்பந்தர் அந்த வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். சித்திரகவி என்று பரணில் ஏற்றிவிட்டோம். இறக்கித் தூசி தட்டினால் குறுக்கெழுத்து ஆசிரியர்களுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டாம்.

கட்டத்துக்குள் வந்ததும் தமிழ் தன் குணத்தைக் காட்டும். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கிடைப்பது 26 எழுத்தில் ஒன்று. நமக்கு 247. 'கா' விழுந்த கட்டத்தில் 'க' உட்காராது, 'கி' உட்காராது. ஆகவே ஒரு வெட்டு கிடைத்தாலே பாதி விடை கைக்கு வந்த மாதிரி. போடுகிறவருக்கு இது லாபம், அமைக்கிறவருக்குத் தலைவலி. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. படத்தின் 'ம்'மிலிருந்து இன்னொரு சொல்லைத் தொடங்க வழியில்லை. அதன்மேல் முடிகிற சொல் அல்லது அதை நடுவில் வைத்துக்கொண்ட சொல்தான் வர முடியும். தம்பி அங்கே நரகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். இரண்டுக்கும் 'ம்' கடைசி. கைதி-திகை போன்ற ஜோடிகள் அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். நம் சொற்களில் ஏராளமானவை மெய்யில் முடிகின்றன. திருப்பினால் அவை வாய்க்குள்ளேயே நுழையாது.

திகையின் 'கை' குறுக்கே வெட்டியதால்தான் ஏசுவின் கரம் உடைந்தது. அது நட்சத்திரக் குறிப்பு. வைகைக்கான நேர்ப்பொருள் அதில் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஜிமெனெஸ்' என்ற புனைபெயரில் இங்கிலாந்தில் புதிர் அமைத்த மக்நட், 1966இல் இந்தக் கலைக்கே ஒரு நூல் எழுதினார். அவர் கணக்குப்படி நல்ல குறிப்பில் துல்லியமான பொருள் ஒன்று, நேர்மையான கட்டுமானம் ஒன்று, இவை தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. கருப்பொருள் வைத்த புதிரில் அந்த முதல் பாகத்தை எடுத்துவிட்டு, 'குடும்பம் எது என்று நீயே கண்டுபிடி, அதுதான் பொருள்' என்று விட்டுவிடுவார்கள். அதனால் முதல் ஓரிரு விடை வரும்வரை இருட்டு. அதன்பிறகு ஒவ்வொரு விடையும் அடுத்ததற்கு வெளிச்சம் காட்டும்.

அடுத்து விழுந்த நட்சத்திரம்: 'மார்கழியில் பெய்வது, உள்ளே வா (3).' வாசலில் நின்று யாரோ கரிசனமாகக் கூப்பிடுவது போல இல்லையா? மார்கழியில் பெய்வது பனி. 'உள்ளே வா' என்பதை அப்படியே உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். பனிக்குள்ளே 'வா'வை வைக்க வேண்டும். ப-வா-னி. இந்தக் குறிப்பை அவனிடம் நான் இன்னும் பாராட்டவில்லை. பாராட்டினால் தலைகால் புரியாமல் ஆடுவான்.

மூன்றாவது: 'அக்கா விரித்த பாயில் கொஞ்சம் இடம் (3).' அக்கா என்று எனக்கே குறி. 'அக்கா விரித்த' என்பதற்குள் வரிசை மாறாமல் ஒளிந்திருப்பது காவிரி.

வைகை, பவானி, காவிரி. ஆறுகள்தான் என்று எவரும் சொல்லிவிடலாம். ஆனால் அவன் குணம் எனக்குத் தெரியும். பவானியும் காவேரியும் பெண் பெயர்கள். வைகை என்றும் இப்போது பெயர் வைக்கிறார்கள். எங்கள் சித்தி மகளும் பவானிதான். சொந்தக்காரப் பெண்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு கோமதி, யமுனா என்று கட்டத்தில் பொருத்திப் பார்ப்பேன் என்பது அவன் எதிர்பார்ப்பு. 'குடும்பம்' என்ற சொல்லைப் போட்டதே அதற்குத்தான். அடுத்த குறிப்பு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. 'கறந்தது அரை டஜன் (3).' கறந்தது பால். அரை டஜன் ஆறு. எந்த வீட்டிலும் பெண்ணுக்குப் பாலாறு என்று பெயர் வைத்ததில்லை.

அந்த 'ஆறு'தான் சாவி. எண்ணாக உள்ளே நுழைந்து நதியாக வெளியே வருகிறது. உடனே 9 மேலிருந்து கீழைப் பார்த்தேன். 'இருமூன்று வழி (2).' ஏதோ இரண்டு மூன்று வழி இருப்பதாகப் படும். இருமூன்று ஆறு. வழி என்பதற்கும் பழைய சொல் ஆறுதான். ஆற்றுப்படை நூல்களில் வரும் ஆறு அது. இரண்டு பொருளைச் சொல்லிவிட்டு, நதி என்ற மூன்றாவதை மட்டும் விழுங்கிவிட்டான். பிறகு மேலே உள்ள அறிவிப்பை மறுபடி படித்தேன். 'ஆறும் ஒரே குடும்பம்.' விடையைத் தலைப்பிலேயே பளிச்சென்று எழுதி வைத்திருக்கிறான் படுபாவி.

இந்தச் சொல்லுக்கு நாலாவது வேலையும் கொடுத்திருந்தான். 'துண்டு போடு, சினம் தணி (4).' பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்ச நேரம் ஓடாது. துண்டு போடு என்றால் வெட்டு. சினம் தணி என்றால் ஆறு. சேர்ந்தால் வெட்டாறு, காவிரி டெல்டாவில் ஓடுவது. கடைசியாக நின்றது 'போரிடு, வாடு (3).' இரண்டுமே ஏவல், இரண்டுமே பழந்தமிழ். போரிடு என்பது பொரு. வாடு என்பது நை. பொருநை. எங்கள் தாமிரபரணியின் பழைய பெயர்.

புதிர் அமைப்பவர்களில் 'அரௌகேரியா' என்ற பெயரை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜான் கிரஹாம் என்ற பாதிரியார் அவர். 1958 முதல் 'கார்டியன்' நாளிதழில் புதிர் போட்டவர். அரௌகேரியா என்பது ஒரு மரத்தின் தாவரவியல் பெயர். ஆங்கிலத்தில் அந்த மரத்தின் வழக்குப் பெயரிலேயே 'புதிர்' என்ற சொல் உண்டு. 2013 ஜனவரியில் அவர் போட்ட புதிருக்கு மேலே ஒரு அறிவிப்பு இருந்தது: தனக்கு 19இல் 18 வந்திருப்பதாகவும், அதற்கு 13, 15 எண்களில் உள்ளது சிகிச்சையாக நடப்பதாகவும். போட்டு முடித்தவர்களுக்குக் கட்டத்திலிருந்து எழுந்து வந்த சொற்கள் புற்றுநோய், உணவுக்குழாய், நோய்த்தணிப்புப் பராமரிப்பு. வாசகர்களுக்குத் தன் நோயைச் சொல்ல அவர் தேர்ந்த வழி அது. அந்த ஆண்டு நவம்பரில், 92ஆவது வயதில் காலமானார். செய்தியை அழாமல் சொல்லிவிட முடிந்தது, சொன்ன முறையில் ஒரு கண்ணியம் இருந்தது. கருப்பொருள் வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் நான் காட்டுவது இந்தப் புதிரைத்தான்.

தம்பியின் புதிருக்கு வருகிறேன். நிரப்பியதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, பாய்க்கு அங்க என்ன வேல?"

"எந்தப் பாய்க்கா?"

"அக்கா விரிச்ச பாய். காவிரி 'அக்கா விரித்த'வுக்குள்ளேயே முடிஞ்சிட்டே. பாயி, இடம் ரெண்டும் சும்மாதான கெடக்கு?"

"பாய் இல்லாட்டி படிக்க நல்லாவாக்கா இருக்கும்?"

எனக்கு அது சமாதானமில்லை. குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஏதாவது வேலை பார்க்க வேண்டும். அழகுக்காக ஒரு சொல்லை நிறுத்தினால், போடுகிறவர் அதையும் கழற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குவார். நானாக இருந்தால் 'அக்கா விரித்ததில் கொஞ்சம் (3)' என்று முடித்திருப்பேன். கச்சிதம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஏமாற்று என்றால் கொஞ்சம் ஜோடனை வேண்டும் என்பது அவன் கட்சி. ஜிமெனெஸ் என் பக்கம் என்றேன். "அவரு பாய் விரிச்சுப் படுத்திருக்க மாட்டாருக்கா" என்றான்.

அவனுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. பவானியும் காவிரியும் அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், கூடுதுறையில் கூடுகின்றன. கட்டத்திலும் இரண்டையும் சந்திக்க வைத்துவிட வேண்டும் என்று பலவிதமாக மாற்றி வரைந்து பார்த்தானாம். முடியவில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஒன்றில் 'வா', மற்றதில் 'வி'. ஆங்கிலக் கட்டமாக இருந்திருந்தால் நடுவில் எங்காவது வெட்டிக்கொண்டிருக்கும்.

பதிலுக்கு நானும் ஒன்று அமைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் ஒரு குடும்பம் உண்டு. நட்சத்திரக் குறிப்புகளில் நான்கு தயார்: 'ஒழுங்கும் இல்லமும் (4).' 'அணிந்துகொண்டு (3).' 'கோட்டை மதில் (3).' வங்கிக்காரனுக்கென்றே எழுதியது நாலாவது: 'கடன் கட்டாதவர் வீட்டுக்கு வருவது (3).' இதில் எதையாவது ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். மற்றதையெல்லாம் தேட அகராதி வேண்டாம், அடுப்படிக்குப் போனால் சரி.