நாளுக்கு 20 விநாடி

குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. என் கையில் கிடக்கும் செய்கோ எஸ்கேஎக்ஸ்007-க்குள் பேலன்ஸ் சக்கரம் விநாடிக்கு 6 முறை இப்படியும் அப்படியும் திரும்புகிறது, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, கை அசைய அசைய சுருள்வில்லில் முறுக்கேறும். “இவ்வளவு காசு கொடுத்து வாங்கி, டைம் தப்பா காட்டுதே மச்சான்?” என்பார் அக்கா வீட்டுக்காரர்.

தப்புதான். நாளுக்கு சுமார் 20 விநாடி முந்துகிறது. ஒரு மாதம் தொடாமல் விட்டால் 10 நிமிடம். ஆனால் இந்த வகையில் பின்னால் வந்த 4ஆர்36 இயந்திரத்துக்கு செய்கோ சொல்லும் எல்லையே 45 விநாடி வேகம் முதல் 35 விநாடி தாமதம் வரை. நாளுக்கு 86,400 விநாடி. அதில் 45 என்பது 0.05 சதவீதம்தான். சுவிட்சர்லாந்தின் சிஓஎஸ்சி துல்லியச் சான்றுக்கு 6 விநாடி வேகம், 4 விநாடி தாமதத்துக்குள் ஓட வேண்டும். அதற்கு விலையும் வேறு.

இது முக்குளிப்பவருக்கான கடிகாரம். அவருக்கு இந்தப் பிழையால் நட்டமில்லை. வெளிவளையத்தின் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டு 40 நிமிடம் கடலுக்குள் இருந்தால், 45 விநாடிப் பிழை அங்கே ஒன்றேகால் விநாடியாகிறது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்குத்தான் தொல்லை.

என்னைக் கேட்டால், எத்தனை விநாடி என்பதைவிட, தினமும் அதே விநாடியா என்பதே கேள்வி. நாள் தவறாமல் 20 முந்தினால், பின்மூடியைத் திறந்து ரெகுலேட்டரை இம்மியளவு தள்ளினால் போதும், வாட்ச்காரர் சரிசெய்துவிடுவார். இன்று 15 முந்தி நாளை 10 பிந்தும் கடிகாரத்தை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

கடையில் காசு கொடுக்காமலே ஒரு வழி உண்டு. ராத்திரி கழற்றி வைக்கும் விதம். டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால் பேலன்ஸ் அச்சு நுனியில் மட்டும் நிற்கும்; உராய்வு குறைவு, ஆட்டம் அகலம். பக்கவாட்டில் நிறுத்தினால் அச்சின் விலா உரசும், வேகமும் மாறும். எந்தப் பக்கம் முந்தும், எது பிந்தும் என்பது ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு மாதிரி. ஒவ்வொரு நிலையிலும் சில இரவு வைத்து, காலையில் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்தால் பிடிபடும். என்னுடையது திருகுப் பக்கம் மேலே இருந்தால் பின்வாங்கும். பகலில் முந்தியதில் பாதி ராத்திரியில் கழிந்துவிடும். மேசையிலேயே உட்கார்ந்திருக்கும் நாளில் முறுக்குக் குறைந்து கணக்கு கொஞ்சம் பிசகும். 007-க்கு கையால் சாவி கொடுக்கும் வசதியும் இல்லை, போட்டுக்கொண்டு நடந்தால்தான் உண்டு.

நேற்றுவரை ஒழுங்காக ஓடியது திடீரென நிமிடக் கணக்கில் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கர், டேப்லெட் உறையின் மூடி, கைப்பையின் கொக்கி, எதுவும் காரணமாகலாம். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருள் குட்டையானதுபோல் துடிக்கும். காந்தம் நீக்கும் கருவி உள்ள வாட்ச்காரரிடம் கொடுத்தால் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். சில வருடமாக மெல்ல மெல்லப் போக்கு மாறினால் அது காந்தமில்லை. உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், சர்வீஸுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான்.