கீழே இருக்கும் எண்: கல்வராயன் மலையிலிருந்து தேர்ச்சி விழுக்காட்டைப் படிப்பது



அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தது 1914 மே 5. அவர் நினைவாகக் கூடும் இதே மே மாதத்தில்தான் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளும் வருகின்றன. குடிமதிப்புக் கணக்கில் தம் மக்களை எந்தப் பெயரில் எண்ணுகிறார்கள் என்பதற்காக வழக்காடியவர் பண்டிதர். ஆகவே ஓர் இலக்கிய மேடையில் கவிதையையும் நாவலையும் விட்டுவிட்டு ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருப்பதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். அந்த எண்ணின் பெயர் தேர்ச்சி விழுக்காடு.

பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 2023இல் 91.39. 2024இல் 91.55. 2025இல் 93.80. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயரை அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்திவிட்டது. நல்ல முடிவு அது. ஆனால் மாவட்டங்களை வரிசைப்படுத்துவது நிற்கவில்லை. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கும் கள்ளக்குறிச்சிக்கும் அன்றிலிருந்து ஒரு தனி இடம் உண்டு. முடிவு வந்த மறுவாரமே முதன்மைக் கல்வி அலுவலர் தலைமையாசிரியர்களைக் கூட்டி, ஏன் குறைந்தது என்று கேட்பார். தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கேட்பார். பாட ஆசிரியர் யாரைக் கேட்பார்? அங்கேதான் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

இந்த எண் எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் மட்டும் செய்முறைக்கு 25 போக, எழுத்துத் தேர்வின் 75இல் 20 எடுத்தாக வேண்டும். தேர்ச்சி பெற்றவர் எண்ணிக்கையை மேலே போட்டு, தேர்வு எழுதியவர் எண்ணிக்கையைக் கீழே போட்டு, நூறால் பெருக்குகிறோம். மேலே இருக்கும் எண்ணைப் பற்றித்தான் நாடே பேசுகிறது. கீழே இருக்கும் எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது தேர்வு *எழுதியவர்* எண்ணிக்கை. பள்ளியில் சேர்ந்தவர் எண்ணிக்கை அல்ல. தேர்வுக்குப் பதிவு செய்தவர் எண்ணிக்கைகூட அல்ல.

2023 மார்ச்சை நினைவுபடுத்திப் பாருங்கள். பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கே 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்று செய்தி வந்தது. சட்டமன்றம் வரை பேச்சானது. மே மாதம் முடிவு வந்தபோது தேர்ச்சி 94.03 விழுக்காடு. எழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் தேர்ச்சி. பள்ளி வழியாகப் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ எட்டரை லட்சம். அதைக் கீழே போட்டு வகுத்தால் 94 என்பது 89க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மார்ச் மாதம் நம்மைப் பதறவைத்த பிள்ளைகள் மே மாதக் கணக்கில் இல்லவே இல்லை. வராதவரால் விழுக்காடு குறையாது. இது யாரோ செய்த மோசடி அல்ல, சூத்திரமே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

வேறு விதமாக எண்ண முடியாதா? முடியும். நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. 1927 மார்ச்சில், மகாட் குளத்துக்கு மக்களைத் திரட்டிச் செல்வதற்குச் சில நாள் முன்னால், பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின்மீது பேசினார் டாக்டர் அம்பேத்கர். தொடக்கப்பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் நான்காம் வகுப்பை எட்டுவது 18 பேர்தான், மீதி 82 பேர் மறுபடியும் எழுத்தறியாமைக்கே திரும்பிவிடுகிறார்கள் என்பது அவர் வைத்த கணக்கு. அவர் எங்கிருந்து எண்ணுகிறார் என்று கவனியுங்கள். தேர்வுக்கூட வாசலில் நின்று எண்ணவில்லை, பள்ளிச் சேர்க்கை நாளிலிருந்து எண்ணுகிறார். அந்த 18 பேரில் எத்தனை பேர் தேர்ச்சி என்று மட்டும் கேட்டிருந்தால் பம்பாய் மாகாணத்துக் கல்வி நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

அந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. மலை கள்ளக்குறிச்சியோடு முடிவதில்லை. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம். வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். ஜாகீர் ஆட்சி முடிந்து இந்த மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது 1976இல். இன்று பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளையின் தாத்தாவும் பாட்டியும் ஜாகீர்தாருக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள். விடுதலைக்குப் பிந்தைய மூன்று தலைமுறைக் கல்வி என்று மேடையில் சொல்கிறோமே, அது இவர்களுக்குப் பொருந்தாது.

இங்கே கல்வியைத் தாங்குவது ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். மாநிலம் முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்டவை உள்ளன. சமவெளியில் அதே துறையின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல். இவற்றையெல்லாம் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நம்மில் பலர் எதிர்த்தோம், சிலர் ஆதரித்தார்கள். இரு தரப்பும் கையில் எடுத்தது தேர்ச்சி விழுக்காட்டைத்தான். அளவுகோல் சரியா என்று எவரும் கேட்கவில்லை.

மலைப் பிள்ளையின் மதிப்பெண் பத்தாம் வகுப்பில் உண்டாவதில்லை. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளில்தான் உண்டாகிறது, அல்லது அழிகிறது. சிற்றூரில் தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளை அடுத்த வகுப்புக்கு வேறு ஊர் போக வேண்டும். பெண் பிள்ளை என்றால் வீட்டில் ஒருமுறை யோசிப்பார்கள். குடகு, சிக்மகளூர் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பருவம் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகிறது. கீழே மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் பருவமும் ஏறத்தாழ அதுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விட்டுப்போக ஆளில்லாமல், தம்பியைப் பார்த்துக்கொள்ளவாவது என்று கூட்டிப்போனால், திரும்பி வரும்போது ஆண்டுத்தேர்வு. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதால் பெயர் பதிவேட்டில் மேலேறிக்கொண்டே இருக்கும். ஒன்பதாம் வகுப்பில்தான் பிள்ளை 'நீண்ட நாள் வராதவர்' ஆகிறது. பிறகு டி.சி. போடுவார்கள். எமிஸ் கணினியில் அந்தப் பெயர் 'காமன் பூல்' என்ற தொகுப்பில் போய் விழும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். எடுத்துக்கொள்ளாவிட்டாலும் அங்கேயேதான்.

எட்டாம் வகுப்பில் ஏழைப் பிள்ளைக்குக் கையில் காசு தரும் ஒரே பெரிய தேர்வு என்.எம்.எம்.எஸ். எனும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வு. மனத்திறனுக்கு 90, பாடத்துக்கு 90. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32 விழுக்காடு போதும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எங்கள் பள்ளியில் இத்தனை பேர் என்று சமவெளிப் பள்ளிகள் பெருமையாகப் பலகை வைக்கின்றன. ஆனால் இத்திட்டத்தின் மத்திய அரசு வழிகாட்டு நெறிப்படி, மாநில அரசு உணவும் இருப்பிடமும் தந்து நடத்தும் உறைவிடப் பள்ளிகளில் படிப்போர் தகுதி பெறமாட்டார்கள். சோறு போடுகிறோமே, உதவித்தொகை எதற்கு என்பது தர்க்கம். காப்பித் தோட்டத்துக்கு ஏன் போகிறார்கள் என்று அந்தத் தர்க்கத்துக்குத் தெரியாது. இந்தத் தேர்வின் முடிவை வைத்து மலைப் பள்ளியையும் சமவெளிப் பள்ளியையும் ஒப்பிடுபவருக்கும் தெரியாது.

கீழ் எண்ணைச் சிறிதாக்கினால் விழுக்காடு பெரிதாகும் என்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 'சார்ட்டர் பள்ளி' என்று ஒரு வகை உண்டு. பணம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது. 1991இல் மினசோட்டா மாநிலம் இதற்கு முதல் சட்டம் இயற்றியது. பெருநகரங்களில் கறுப்பின, லத்தீன் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இப்பள்ளிகள் சில, வசதியான வெள்ளையர் பகுதிப் பள்ளிகளைவிட மாநிலத் தேர்வில் மேலே வந்தன. அதில் உண்மையான உழைப்பு உண்டு, அதை மறுக்க வேண்டாம். ஆனால் நியூயார்க்கின் சக்சஸ் அகாடமி என்ற புகழ்பெற்ற அமைப்பின் ஒரு பள்ளியில், வெளியே போக வேண்டிய 16 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்ததை 2015 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பட்டியலின் தலைப்பே அதுதான். நிர்வாகம் அது தன் கொள்கை அல்ல, தவறு என்றது. பட்டியல் இல்லாமலேயே இது நடக்கும். மேல் வகுப்பில் காலியாகும் இடத்தில் புதிய பிள்ளையைச் சேர்க்காமல் விட்டால் போதும். தங்கியவர்கள் மட்டும் தேர்வு எழுதுவார்கள்.

நம் மாவட்டத்தில் பட்டியல் எழுதத் தேவையில்லை. 'உங்க பிள்ளைக்கு இங்க சரிப்படாதுங்க, வேற பள்ளிக்கூடம் பாருங்க' என்று ஒன்பதாம் வகுப்பு முடிவில் தனியார் பள்ளியில் சொல்லும் வாக்கியத்தைக் கேட்காத பெற்றோர் குறைவு. நூற்றுக்கு நூறு என்ற ஃபிளெக்ஸ் பலகை அந்த வாக்கியத்தின்மீது நிற்கிறது. உள்ளே தங்கும் பிள்ளைகளுக்கும் வேறு கதை இருக்கிறது. 30 வாங்கும் பிள்ளையை 35க்குத் தூக்கினால் விழுக்காடு ஏறும். 12 வாங்கும் பிள்ளையை 25க்குத் தூக்கினால் ஏறாது. இரண்டாவது வேலைதான் பெரிய வேலை, எந்த ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் கணக்கில் அது பூஜ்ஜியம். அதனால் 'மெல்லக் கற்போர்' என்று பெயர் கொடுத்து, கையில் 'மினிமம் மெட்டீரியல்' கொடுத்து, ஒரு மதிப்பெண் வினாவை உருப்போட வைக்கிறார்கள். இதற்கு ஆசிரியரைத் திட்டுவது எளிது. அவர் கழுத்தில் விழுக்காட்டைக் கட்டித் தொங்கவிட்டவர் யார் என்று கேட்பது கொஞ்சம் கடினம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தேர்வே வேண்டாம் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைக்க 2019இல் ஆணை வந்தது. 2020 பிப்ரவரியில் அரசே திரும்பப் பெற்றது. அதை எதிர்த்தது முற்றிலும் சரி, ஏனென்றால் அது பிள்ளையை வடிகட்டும் தேர்வு. ஆனால் பிள்ளைக்குப் படிக்கத் தெரிகிறதா என்று யாருமே பார்க்காமல் விடுவதும் நமக்கு எதிரானதுதான். வீடு வீடாகப் போய்ப் பிள்ளையின் கையில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் ஏசர் ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 10.2 விழுக்காடு. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 4.8. அதே 2022இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 90.07. வேறு வேறு வயதுப் பிள்ளைகள், ஒன்றை மற்றொன்றால் கழிக்க முடியாது. ஆனாலும் இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிவைத்துப் பாருங்கள். முதல் எண் வந்ததால்தான் வாசிப்பைப் பற்றி மாநிலம் பேசியது. பிள்ளையை வெளியே தள்ளாமல், ஆசிரியரைத் தண்டிக்காமல், எங்கே உதவி தேவை என்று மட்டும் சொல்லும் தேர்வு நமக்கு வேண்டும்.

சாதித்த ஒருவரைக் காட்டிக் கணக்கை முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிச் சமூக மாணவி ஒருவர் 2025இல் சென்னை ஐஐடிக்குத் தேர்வானார். கொண்டாட வேண்டிய செய்தி, கொண்டாடினோம். அவரோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே என்ற கேள்வி அவர் சாதனையைக் குறைக்காது.

இனி மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2019–20இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2024 மார்ச்சில் பத்தாம் வகுப்பு எழுதியிருக்க வேண்டும். அவர்கள் ஆறில் இருந்தபோது பள்ளிகள் மூடின. எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சியும் அலைபேசிச் சிக்னலும் எட்டாத மலையில் ஏழாம் வகுப்பு என்ற ஒன்றே அவர்களுக்கு நடக்கவில்லை. இந்த ஒரு தொகுதியை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். கணக்குக்காக ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம்: ஆறில் 40 பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் 22, தேர்ச்சி 20. பலகையில் 91. சேர்ந்தவரிலிருந்து எண்ணினால் 50. மீதி 18 பேரில் வேறு பள்ளியில் தேர்ச்சி பெற்றவர்களையும் தேடிக் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் நாமும் பொய்க் கணக்குதான் எழுதுவோம்.

கேட்க வேண்டியவை இவை: சேர்க்கைப் பதிவேட்டின்படி அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் இருந்தவர் எத்தனை, ஒவ்வோர் ஆண்டும் டி.சி. பெற்றவர் எத்தனை, காமன் பூலில் நிற்பவர் எத்தனை, பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்தவரும் எழுதியவரும் எத்தனை. ஆண், பெண், வகுப்பு வாரியாக. பெயர்களைக் கேட்காதீர்கள், பிள்ளைகளின் பெயர் நமக்குத் தேவையில்லை. கேட்டால் அதைக் காரணம் காட்டியே மறுப்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் வர வேண்டும். மலைப் பள்ளிகளுக்குப் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்கு ஒரு மனு, சமவெளிப் பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு என்று தனித்தனியாகப் போடுங்கள். ஒரே மனுவாகப் போட்டால் ஒரு துறை மற்றதைக் கைகாட்டும்.